கலங்கரை விளக்கம் வரை, வலது கையால்

ஏப்ரல் 21, திங்கள்

எட்டு மணிக்கே வெயில் கடைப் படியைத் தாண்டி உள்ளே. என் தையல் மெஷின் மேல் துண்டு போட்டு மூடினேன்.

இடது கையால் எழுதுகிறேன். கோணல். யாரும் படிக்கப் போவதில்லை. வலது கை தினமும் எவ்வளவு அசைகிறது என்று குறித்துவைக்கச் சொன்னாள் நஸ்ரீன் (பிசியோ பெண்). அவளுக்குக் காட்டத் தனித்தாள் உண்டு. இந்த நோட்டு எனக்கு.

இன்று: கட்டைவிரல் நடுவிரலைத் தொடும். மோதிர விரல் எட்டாது. மணிக்கட்டு பலகை மாதிரி. மொட்டை மாடிப் பாசியில் வழுக்கி விழுந்து ஏழு வாரம். உள்ளே ஒரு பிளேட், ஆறு திருகு.

கடையில் லதா அக்கா மட்டும் தைக்கிறார். என்னைவிட ஆறு வயது மூத்தவர். பதினைந்து வருடமாக என்னோடு. எதைக் கொடுத்தாலும் தைப்பார், வெட்ட மட்டும் மாட்டார்.

"கத்திரி எடுத்தா எனுக்கு ஒதறல் வந்துடும் மல்லி. தையலு தப்புனா பிரிச்சிக்கலாம். வெட்டுனது வெட்டுனதுதான்."

அதனால் ஏழு வாரமாகப் புது ரவிக்கை ஒன்றுகூட இல்லை. புடவைக்கு ஃபால்ஸ், ஓரம், பழையதை இறுக்குவது, தளர்த்துவது.

மதியம் ராஜேஸ்வரி டீச்சர். மகளுக்கு வைகாசியில் கல்யாணம். முகூர்த்தப் புடவையின் ரவிக்கைத் துணியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். அரக்கு. கைக்கு வர வேண்டிய இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஜரிகை. புடவையோடு சேர்த்து நெய்தது, மறுதுணி கிடையாது.

"மல்லிகா, உன் கையி சரியாவுமா? இல்ல, வேற எடத்துல குடுத்துடட்டுமா? மனசுல ஒண்ணும் வெச்சிக்காத."

"மே பத்து வரைக்கும் டைம் குடுங்க டீச்சர்."

வாய் சொல்லிவிட்டது. கை மடியில் கிடந்து கேட்டுக்கொண்டிருந்தது.

"பத்தாம் தேதி சாயங்காலம் வர்றேன். வெட்டலைன்னா எடுத்துனு போயிடுவேன்."

துணி பீரோவில். மேல் தட்டு.

ஏப்ரல் 22, செவ்வாய்

பிசியோ. மெழுகில் கையை முக்கினார்கள். பிறகு பச்சை ரப்பர் பந்து. அமுக்கு, விடு, அமுக்கு, விடு. பந்தைப் பார்த்தாலே வெறுப்பாக இருக்கிறது என்று நஸ்ரீனிடம் சொல்லிவிட்டேன்.

"அப்ப வேற எதுனா பண்ணுங்கக்கா. ஊட்ல கம்ப்யூட்டர் இருக்குதா? மவுஸப் புடிச்சி நகத்துங்க, அமுக்குங்க. தெனம் ஒரு மணி நேரம். வலிச்சா நிறுத்திடணும், சரியா?"

வரிசையில் ஒரு பெரியவர் செல்போனில்: "முட்டி மடங்குது. மருமகதான் மடங்க மாட்டேங்குது." எல்லாரும் சிரித்தோம். அவர் கவனிக்கவில்லை.

இவரிடம் மவுஸ் விஷயம் சொன்னேன். (இவர் = வீட்டுக்காரர். பெயர் எழுதிப் பழக்கமில்லை.) ஒரகடம் பக்கம் கம்பெனி, முதல் ஷிஃப்ட், நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். மகள் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போனபோது விட்டுப்போன லேப்டாப்பை எடுத்துத் தூசி தட்டினார். முகத்தில் என்றும் இல்லாத ஒரு களை.

"சும்மா நகத்தினா போர் அடிக்கும் மல்லி. ஒரு கேம் இருக்குது. பாலிடெக்னிக்ல நாங்க ஆடுனது. இப்ப நெட்ல திரும்பி உட்டுருக்கான்."

நான் வீடியோ கேம் ஆடியதே இல்லை. சுடுவது, ஓடுவது எல்லாம் எனக்கு ஆகாது என்றேன்.

"இதுல சுடறதே கிடையாது. யோசிக்கிறதுதான்."

ஏப்ரல் 23, புதன்

மின்வெட்டு 10 முதல் 12 வரை. லதா அக்கா விசிறிக்கொண்டே கை ஊசி வேலை.

சாயங்காலம் ஆடினேன். முதல் முறை. ஒழுங்காக எழுதிவைக்கிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடும்.

ஒரு தீவு. படம் பழங்காலத்தது, கட்டம் கட்டமாக, கிராஃப் தாளில் பார்டர் டிசைன் போட்டது மாதிரி. நோரா என்று ஒரு தபால்காரி. ஒரே ஒரு கடிதத்தோடு படகில் வந்து இறங்குகிறாள். உறையில் பெயர் இருக்கிறது, முகவரி இல்லை. அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்று தீவில் எல்லாரும் சொல்கிறார்கள். அதற்குள் படகு போய்விடுகிறது. கலங்கரை விளக்கம் எரிந்தால்தான் படகு திரும்பி வரும். விளக்கு அணைந்து பல வருடம்.

நான் எங்கே அமுக்கினாலும் நோரா அங்கே நடக்கிறாள். பொருளை அமுக்கினால் எடுத்துப் பையில் போடுகிறாள். ஒரு பொருளை இன்னொன்றின் மேல் வைத்துப் பார்க்கலாம். ஆட்களிடம் பேசலாம். அவ்வளவுதான்.

முதல் அரை மணி நேரம் நோராவைச் சுவரில் முட்டவைத்தேன். அம்புக்குறி என் பேச்சைக் கேட்கவில்லை. ஒரு வாளியின் மேல் அதை நிறுத்துவதற்குள் நெற்றியெல்லாம் வியர்வை.

இவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு: "அந்த வாளிய எடுத்து..."

"சொல்லாதீங்க."

"இல்ல, கெணத்தாண்ட..."

"சொல்லாதீங்கன்னேன்."

டீக்கடைக்குப் போய்விட்டார்.

நோராவின் பையில்: கடிதம், வாளி, கயிறு, பாதி மெழுகுவத்தி, ஒரு மீன். மீன் எதற்கென்று தெரியவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

ஆங்கிலம்தான் கஷ்டம். பன்னிரண்டாவது வரை படித்தது பேருக்குத்தான். தெரியாத சொல்லை இங்கே எழுதிக்கொள்கிறேன். ஹிஞ்ச், கதவுக் கீல். லேட்ச், தாழ்ப்பாள். ரஸ்ட், துரு. இந்தத் தீவில் எதை எடுத்தாலும் துரு.

மீன் பூனைக்கு. நானே கண்டுபிடித்தேன். பூனை நகர்ந்தது, அது உட்கார்ந்திருந்த பெட்டியில் எண்ணெய்க் குப்பி. அதை எடுத்துக் கீலில் விட்டால் கதவு திறக்கிறது! சத்தம் போட்டுவிட்டேன்.

லதா அக்கா எட்டிப் பார்த்தார். "இன்னாமா, எதுனா கடிச்சிடுச்சா?"

கை: ஒரு மணி பத்து நிமிடம் ஆடினேன், வலி வந்ததும் நிறுத்தினேன். கட்டைவிரல் மோதிர விரலைத் தொடுகிறது. தொட்டுக்கொண்டு நிற்கவில்லை, அவ்வளவுதான்.

சாம்பார் இவர் வைத்தது. புளி ஜாஸ்தி. சாப்பிட்டோம்.

ஏப்ரல் 26, சனி

பிசியோ முடிந்து வந்ததும் யாரும் பார்க்காதபோது பெரிய கத்தரிக்கோலை எடுத்துப் பார்த்தேன். பத்து அங்குலம், இரும்பு. கட்டைவிரலை வளையத்துக்குள் விட முடிந்தது. திறக்க முடியவில்லை. நழுவிக் கீழே. தரையில் ஒரு டைல்ஸ் மூலை பெயர்ந்தது.

சத்தம் கேட்டு லதா அக்கா வந்தார். எடுத்து ஆணியில் மாட்டினார்.

இன்று கேம் வேண்டாம் என்று நினைத்தேன். பிறகு உட்கார்ந்தேன். ஆடாவிட்டால் அந்தப் பந்துதான்.

ஏப்ரல் 28, திங்கள்

விளக்குக் காவல்காரன் வீட்டுக்குள் நுழைந்துவிட்டேன். காவல்காரன் இல்லை, எப்போதோ செத்துவிட்டானாம். மேஜை டிராயரில் ஒரு மஞ்சள் தாள்.

இதைக் கண்டதும் பின்னால் நின்ற இவர் என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"இங்கதான். இங்கதான் மாட்டிக்கினோம்."

அப்போதுதான் முழுக் கதையும் சொன்னார். பாலிடெக்னிக்கில் கூட்டாளி ஒருவன் வீட்டுக் கம்ப்யூட்டர். நான்கு பேர் சேர்ந்து ஒரு செமஸ்டர் முழுக்க இந்தத் தாளை வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறார்கள். பிறகு கூட்டாளி வீடு மாறிப் போய்விட்டான். அதோடு சரி. இருபத்து நான்கு வருடம் ஆயிற்று. விடையை நெட்டில் தேடலாமே என்றேன்.

"அது கேவலம் மல்லி."

சரி, இந்த விஷயத்தில் நானும் இவரும் ஒன்று.

"இது தீவோட மேப்பு. இது கடற்கரை. அம்பு வடக்கு. புள்ளி வெச்ச எடத்தில எல்லாம் தோண்டிப் பார்த்துட்டோம். ஒண்ணும் கெடைக்கல."

தாளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே மேடு போல ஒரு வளைவு. இடது பக்கம் ஒரு சின்ன வெட்டுக்குறி, வலது பக்கம் இரண்டு. நடுவில் நேராக ஒரு அம்பு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. இவருக்குக் கோபம்.

"இன்னா சிரிப்பு?"

"ஏங்க, இது மேப்பு இல்ல. கை."

"கையா?"

"சட்டைக் கை. ஒரு குறி முன்பக்கம், ரெண்டு குறி பின்பக்கம். அம்பு துணியோட இழை எப்படிப் போகுதுன்னு காட்டறது. நாலு பசங்க ஒரு சட்டைக் கைய எடுத்துனு போயி ஆறு மாசம் மண்ணத் தோண்டிக்கினு இருந்தீங்களா?"

திரையை மறுபடி குனிந்து பார்த்தார். பிறகு, "உன்ன அப்பவே கட்டியிருக்கணும்" என்றார்.

ஏப்ரல் 30, புதன்

தீவின் டீக்கடைக்காரக் கிழவி வீட்டு மாடியில் துணி மாட்டும் ஆளுயரப் பொம்மை ஒன்று. அதன் மேல் ஒரு கோட்டு, ஒரு கை மட்டும் இல்லாமல். முதல் நாளே பார்த்திருக்கிறேன், பொருட்படுத்தவில்லை. மஞ்சள் தாள் + கம்பளித் துணி + கத்தரிக்கோல் = கை. நோரா ஒரு நொடியில் வெட்டிவிட்டாள். பொறாமையாக இருந்தது.

கோட்டைப் பார்த்ததும் கிழவி உட்கார்ந்துவிட்டாள். காவல்காரனுக்காகத் தைக்கத் தொடங்கியதாம். தாளை அளவு பார்க்க எடுத்துப்போனவன் திரும்பி வரவில்லை. உறையில் இருந்த பெயர் அவளுடையதுதான். இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை என்று நோரா கேட்கிறாள். யாரும் சரியாகக் கேட்கவில்லை என்கிறாள் கிழவி. கடிதத்தை இப்போது வாங்க மாட்டாளாம். விளக்கு எரியட்டும், பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்கிறாள். கலங்கரை விளக்கத்தின் சாவியைக் கொடுத்தாள்.

அந்த இடத்தில் நிறுத்தினேன். 'மல்லி' என்ற பெயரில் சேமித்தேன். கை வலி, ஆனால் நல்ல வலி.

நாளை தாமலில் என் கூடப்பிறந்த அக்காவின் பேத்திக்குக் காது குத்து. இவருக்கு மே தின லீவு, ஆனால் வரவில்லையாம், தண்ணீர் மோட்டார் பார்க்க ஆள் வருகிறானாம்.

"கதவ நான் வந்துதான் தெறப்பேன். தொடக் கூடாது."

"சேச்சே. நான் எதுக்குத் தொடப்போறேன்?"

மே 1, வியாழன்

தாமல். நல்ல சாப்பாடு. குழந்தை ஒரே கத்தல், தாய்மாமன் அதைவிட. ஏரிக்கரையில் காற்று. எல்லாரும் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "அவ்ளோதானா மடங்குது?" என்று அக்கா. ஆமாம், அவ்வளவுதான்.

ஐந்து மணிக்கு வீடு. கை கால் கழுவிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன்.

நோரா கலங்கரை விளக்கத்துக்கு உள்ளே நிற்கிறாள். படி ஏறி, மேல் தளத்தில், நான்கு பல்சக்கரங்களுக்கு முன்னால். நான் பார்த்தே இராத அறை. பையில் நான் எடுக்காத ஒரு இரும்புக் கம்பி. 'மல்லி' என்ற பெயரின் மேலேயே சேமித்திருக்கிறது.

இவர் வாசலில் நின்றார். மோட்டார் ஆள் வந்தானா என்று நான் கேட்கவில்லை.

"கொஞ்சம்தான் பார்க்கலாம்னு... கதவு தெறந்தா உள்ள இன்னா இருக்குதுன்னு மட்டும். அப்பறம் கை நிக்கல மல்லி."

"என் பேர்ல."

"வேற பேர்ல போடணும்னு தோணல. தப்புதான்."

"இருவத்தி நாலு வருஷம் காத்துக்கினு இருந்தீங்க. ஒரு நாள் காத்திருக்க முடியல."

வந்து லேப்டாப் பக்கத்தில் நின்றார்.

எனக்கு அழுகை வந்தது, ஒரு பொம்மைக் கதவுக்கு. கதவு மட்டுமல்ல. இரண்டு மாதமாக எல்லாமே யாரோ எனக்காகச் செய்கிறார்கள். தலை பின்னுவது, சோறு பிசைவது, ஜாக்கெட் கொக்கி மாட்டுவது. இது ஒன்றுதான் நானாகச் செய்தது.

சேமித்ததை அழித்தேன். வலது கையால். "நிச்சயமாகவா?" என்று அது கேட்டது. ஆம்.

இவர் பதறிவிட்டார். "எட்டு நாள் ஆடுனதுடி!"

"ஆடுனது நான்தானே. மறுபடி ஆடுவேன்."

மே 2, வெள்ளி

முதலிலிருந்து. வாளி, கயிறு, மெழுகுவத்தி, மீன்.

முதல் தடவை நான்கு நாள் எடுத்ததை இன்று ஒன்றரை மணி நேரத்தில் முடித்தேன். வழி தெரியும் என்பதால் மட்டுமில்லை. அம்புக்குறி சொன்ன இடத்தில் நிற்கிறது.

இவர் பின்னால் வந்து நிற்பதில்லை. வாசலில் செய்தித்தாள். காலையில் பார்த்த அதே செய்தித்தாள்.

பேச்சு: "தண்ணி வந்துச்சா", "வந்துச்சு". அவ்வளவே.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். குழாய்த் தண்ணீரே கொதிக்கிறது.

புடவை வாங்க வந்த வெளியூர்க் கும்பல் ஒன்று கடை நிழலில் ஒதுங்கியது. வேன் இன்னும் வரவில்லையாம். ஒரு பெண் என் கையைப் பார்த்து, "நீங்க நெசவாங்க?" என்றாள். டெய்லர் என்றேன். சட்டென்று ஆர்வம் போய்விட்டது. லதா அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மறுபடியும் கோட்டு, கிழவி, சாவி. இந்த முறை கதவை நானே திறந்தேன். துருப்பிடித்த சத்தம். உள்ளே இருட்டு, படிகள். நோராவை நிறுத்தி நிறுத்தி ஏற்றினேன். அவசரமில்லை.

தண்ணீர் குடிக்க எழுந்தபோது இவர் கதவோரம். திரை தெரியும் தூரத்தில் இல்லை. சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"வாங்க" என்றேன். "வாயத் தெறக்கக் கூடாது."

வந்து உட்கார்ந்தார். வாயைத் திறக்கவில்லை. ஒரு இடத்தில் கையால் பொத்திக்கொண்டார்.

மே 6, செவ்வாய்

பல்சக்கரம் நான்கு, எந்த வரிசையில் மாட்டுவது என்று. இவர் மாட்டிக்கொண்டு நின்ற இடம். தாளில் வரைந்து பார்த்தேன். பதினொன்றாவது முயற்சியில் கடக் என்று பொருந்தியது. இவர் அப்போது பால் வாங்கப் போயிருந்தார். வந்ததும் "எப்படி?" என்றார். சொல்லவில்லை.

ஆனால் சந்தோஷம் ஐந்து நிமிடம்தான். அடுத்தது ஒரு கைப்பிடி. விளக்கைச் சுழலவைக்கும் கைப்பிடி. இதில் யோசிப்பதற்கு ஒன்றுமில்லை. பொத்தானை அமுக்கிப் பிடித்தபடி மவுஸை வட்டமாகச் சுற்ற வேண்டும். விடாமல் பத்துச் சுற்று. ஒரே வேகம். நடுவில் விட்டால், தயங்கினால், முதலிலிருந்து.

மூன்றாவது சுற்றில் மணிக்கட்டு பூட்டிக்கொள்கிறது.

பதினெட்டு முறை முயன்றேன். அதிகம் போனது நான்கு சுற்று.

"குடு, நான் சுத்தறேன். இது மூளை வேலை இல்லியே, சும்மா சுத்தறதுதானே."

"அதனாலதான் வேணாம்."

மே 7, புதன்

நான்கு. மூன்று. நான்கு. ஐந்து (ஒரே முறை). இரண்டு.

இந்தச் சுற்றலை எளிதாக்க அமைப்புகளில் ஒரு பொத்தான் இருக்கிறதாம், இவர் கண்டுபிடித்தார். அமுக்கினால் ஒரு சுற்றோடு முடிந்துவிடும். தப்பில்லையாம், கை முடியாதவர்களுக்காகவே வைத்திருக்கிறார்களாம்.

நல்ல மனசுக்காரர்கள். ஆனால் எனக்கு வேண்டாம். பட்டுத்துணியில் அப்படியொரு பொத்தான் இல்லை.

மே 8, வியாழன்

பிசியோ. நஸ்ரீன் மணிக்கட்டைத் திருப்பி அளவு எடுத்தாள். போன வாரத்தின் அதே எண். அதற்கு முந்தைய வாரமும் அதே. அளவு கருவியைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அப்போதே தெரிந்துவிட்டது.

"அக்கா, நேராவே சொல்றேன். வெரலு நல்லா வந்துடுச்சி. புடிக்கிற பலமும் வரும். ஆனா மணிக்கட்டு திரும்பறது இதுக்கு மேல ரொம்ப வராதுன்னு நெனைக்கிறேன். உள்ள பிளேட் இருக்குதில்ல."

"ரொம்பன்னா?"

"கொஞ்சம் வரலாம். முழுசா வராது."

"நான் டெய்லர்."

"தெரியும்கா. திரும்பாத எடத்தையே போட்டு இடிக்காதீங்க. முழங்கைய ஊனாம, தோள்லருந்து கைய ஓட்டிப் பாருங்க. கையி ஒண்ணே இல்லியே, தோள் வரைக்கும் இருக்குது."

ஆட்டோக்காரர், "இன்னா மேடம், டாக்டர் எதுனா சொன்னாங்களா?" என்றார். சொன்னாங்க என்றேன்.

மதியம் சாப்பாடு இறங்கவில்லை. லதா அக்கா மோரைக் கரைத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மோர் குடித்தேன். பழைய செய்தித்தாளை எடுத்து வெட்டும் மேஜையில் விரித்தேன். பெரிய கத்தரி வேண்டாம், எட்டு அங்குலம். நின்றபடி. முழங்கையைத் தூக்கி, மணிக்கட்டை அப்படியே வைத்துக்கொண்டு, தோளிலிருந்து. முதல் தாள் எலி கடித்தது மாதிரி. ஆறாவது தாள் கோட்டோடு போனது. வளைவில் மட்டும் கை திரும்பவில்லை. அப்போது தோன்றியது: கை திரும்பாவிட்டால் நான் திரும்பலாமே. மேஜையைச் சுற்றி நடந்தேன். நடந்துகொண்டே வெட்டினேன்.

ஒரு வார செய்தித்தாள் காலி.

மே 9, வெள்ளி

காலை ராஜேஸ்வரி டீச்சர் போன். "நாளைக்கு வர்றேன் மல்லிகா. அந்தண்டத் தெரு டெய்லர்கிட்ட சொல்லி வெச்சிட்டேன், எதுக்கும் இருக்கட்டும்னு." சரி டீச்சர்.

பத்து மணிக்கு லைனிங் துணி வெட்டினேன், பருத்தி. டீச்சர் மகளின் அளவு ரவிக்கையை வைத்து. முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை. மேஜையை மூன்று முறை சுற்றினேன். லதா அக்கா வாங்கி ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார்.

"ஒரு நூலு வித்தியாசம் இருக்குது. நான் தையல்ல எடுத்துருவேன்."

மூன்று மணி. லேப்டாப்பை வெட்டும் மேஜை மேலேயே கொண்டுவந்து வைத்தேன். நின்றேன். முழங்கையைத் தூக்கினேன். பொத்தானை அமுக்கிப் பிடித்தேன்.

மாவாட்டுவது மாதிரி, தோளிலிருந்து. ஒன்று, இரண்டு, மூன்று. பூட்டிக்கொள்ளும் இடம் வந்தது, பூட்டவில்லை, கடந்துவிட்டது. ஐந்து. ஆறு. லதா அக்கா மெஷினை நிறுத்திவிட்டார். எட்டு. தோள் எரிகிறது. ஒன்பது.

பத்து.

திரை முழுக்க வெளிச்சம். கடல் மேல் ஒரு வெள்ளைக் கோடு மெதுவாகச் சுற்றுகிறது. அதுவரை கறுப்பாக இருந்த தீவு முழுவதும் தெரிகிறது: கிணறு, பூனை, டீக்கடை. தூரத்தில் படகின் ஊதல்.

"அய்ய, அழுதுகினு இருக்கியே மல்லி" என்றார் லதா அக்கா. அவர் கண்ணும் அப்படித்தான். கதை என்னவென்று அவருக்கு ஒரு வரி தெரியாது.

கிழவி கடிதத்தை வாங்கினாள். பிரித்தாள். படித்தாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று காட்டவில்லை. நோராவும் கேட்கவில்லை, படகில் ஏறிவிட்டாள். எனக்குக் கோபம், இவ்வளவு பாடுபட்டு வந்தவளுக்கு ஒரு வரியாவது காட்டக் கூடாதா. பாத்திரம் கழுவும்போதுதான் சரி என்று பட்டது. அது கிழவியின் கடிதம்.

நாலேகாலுக்கு இவர். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

"முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன்."

"விளக்கு எரிஞ்சிச்சா?"

"எரிஞ்சிச்சு."

சந்தோஷப்பட்டார், நிஜமாகவே. தோளைப் பிடித்து அமுக்கினார், எரியும் தோள், ஆவென்று கத்தினேன். பிறகு கொஞ்சம் தள்ளி நின்று, "லெட்டர்ல இன்னா இருந்துச்சு?" என்றார்.

லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன். புது ஆட்டம். பெயர் கேட்டது. அவருடைய பெயரையே போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

மே 10, சனி

காலையில் தலைக்குக் குளித்தேன். பின்னலை நானே போட்டேன், தளர்வாக.

பிசியோவுக்கு வரவில்லை என்று நஸ்ரீனுக்கு மெசேஜ்.

சுபநேரம் பார்க்கலாமா என்றார் லதா அக்கா. ராகு காலம் பத்தரைக்கு முடிந்தது. பத்தே முக்காலுக்குத் துணியை எடுத்தேன். மேஜையைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து, அதன் மேல் அரக்கு. சாக்பீஸ் கோடு போடவே அரை மணி நேரம். மூன்று முறை அளந்தேன். நான்காவது முறையும்.

பின்பக்கம் முதலில். பட்டு கத்தரிக்கு வேறு மாதிரி பதில் சொல்கிறது, சின்னச் சத்தத்தோடு. மேஜையைச் சுற்றி வந்தேன். முன்பக்கம் இரண்டு. பிறகு மின்வெட்டு. ஃபேன் நின்றது. வியர்வை துணியில் சொட்டிவிடப் போகிறது என்று லதா அக்கா பக்கத்தில் நின்று என் நெற்றியைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

மிச்சம் கைகள். ஜரிகை இரண்டு கையிலும் ஒரே உயரத்தில் வர வேண்டும். அப்போதுதான் வாசலில் டீச்சர். சாயங்காலம் என்று சொன்னவர், மதியமே.

"சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்." கையில் காலிப் பை. துணியை எடுத்துப்போக வந்திருக்கிறார். மேஜையைப் பார்த்தார். வெட்டிய துண்டுகளைப் பார்த்தார். வாயில் கையை வைத்துக்கொண்டார்.

"உக்காருங்க டீச்சர்" என்றார் லதா அக்கா. "பேசாதீங்க."

உட்கார்ந்தார். நான் நிமிரவில்லை. வலது கைக்கான துண்டு. வளைவில் நடந்தேன். இடது கைக்கான துண்டு. நடந்தேன். கத்தரியை வைத்துவிட்டு இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தேன். ஜரிகை ஜரிகையோடு நின்றது.

டீச்சர் எழுந்து வந்து தொட்டுப் பார்த்தார். காலிப் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "எப்போ தருவே?"

"திங்கக்கெழமை சித்ரா பௌர்ணமி. லதா அக்கா நடவாவிக் கெணத்துத் திருவிழாவுக்குப் போறாங்க. புதன் சாயங்காலம்."

"கழுத்துக்குப் பைப்பிங் வெச்சிடு."

"சரி டீச்சர்."

இந்த வாரம் இவருக்கு சனி லீவு. காலையிலிருந்து லேப்டாப்பும் கையுமாக உள் அறையில். ஐயாவுக்குக் கோட்டு, சாவி, கதவு எல்லாம் இப்போது தண்ணீர் பட்ட பாடு. நான் லைனிங்கைப் பட்டோடு சேர்த்துக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து குரல்.

"மல்லி, அந்தப் பல்சக்கரம்... மூணாவது எதுன்னு மட்டும் சொல்லேன்."

வாயில் ஐந்து குண்டூசி. பதில் சொல்ல முடியவில்லை.

குண்டூசியை எடுத்த பிறகும் சொல்லவில்லை.